புள்ளிக்காகப் பக்கத்து ஊரை விட்டுவிடலாமா? ஒஹாயோ பள்ளிக் கால்பந்தும் ஹார்பின் கணக்கும்

கொலம்பஸ் குமரன்

அனைவருக்கும் வணக்கம். நான் எழுதுவது தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. என் மகன் பதினோராம் வகுப்பு. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி அணியில் லைன்மேன், அதாவது முன்வரிசையில் மோதுபவன். கொலம்பஸிலிருந்து வயல்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஓட்டினால் எங்கள் ஊர் வரும். பள்ளி ஆறாம் பிரிவில் இருக்கிறது. மாநிலத்தில் மொத்தம் ஏழு பிரிவுகள். மாணவர் எண்ணிக்கை குறையக் குறையப் பிரிவு எண் கூடும்.

2025 பருவத்தில் எங்கள் அணி, பிரிவுக்குள் எங்கள் வட்டாரத்தில் 13ஆம் இடத்தில் முடிந்தது. முன்பு வட்டாரத்துக்கு 16 அணிகள் ப்ளேஆஃபுக்கு, அதாவது பருவம் முடிந்ததும் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுக்குப் போயின. 2025இல் அதை 12 ஆக்கிவிட்டார்கள். ஒரே ஓர் இடம். பையன்கள் உடைமாற்றும் அறையில் அழுதார்கள்.

அதற்குப் பிறகு பள்ளியின் விளையாட்டு இயக்குநர் எடுத்த முடிவுதான் எனக்கு நெஞ்சில் முள். எங்களிடமிருந்து ஆறு மைல் தள்ளி இன்னும் சிறிய ஊர் ஒன்று இருக்கிறது; ஏழாம் பிரிவுப் பள்ளி. எனக்குத் தெரிந்தவரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் அவர்களோடு ஓர் ஆட்டம் உண்டு. அன்று இரண்டு ஊர்க் கடைகளும் மாலை ஐந்துக்கே மூடிவிடும். எதிரணிப் பையன்களின் பெயர்கள் என் மகனுக்கு மனப்பாடம், ஏனென்றால் கோடையில் அவர்களோடுதான் வைக்கோல் கட்டுகளைத் தூக்கும் வேலைக்குப் போகிறான். 2026க்கும் 2027க்கும் அந்த ஆட்டம் ரத்து. அதற்குப் பதில் இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் ஒரு மூன்றாம் பிரிவுப் பள்ளியோடு ஒப்பந்தம். காரணம் கேட்டால் ஒரே சொல்: ஹார்பின், அதாவது ப்ளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் புள்ளிக் கணக்கு.

கணினி சொல்லும் ஒரு தசம எண்ணுக்காக ஊர்ப் பகையையும் ஊர் உறவையும் ஒன்றாக அறுத்துவிடலாமா? இந்தக் கணக்கை அறிந்தவர்கள் விளக்குங்கள்.

தரவுப்பித்தன்

குமரன் அண்ணா, நான் கிளீவ்லாந்துப் பக்கம். பத்தாண்டுகளாக இந்தக் கணக்கை வாராவாரம் கையால் போட்டுப் பார்ப்பவன். பொறுமையாகப் படியுங்கள். உங்கள் இயக்குநரின் கணக்கில் பாதி சரி.

ஒஹாயோவில் மாநிலப் ப்ளேஆஃப் 1972இல் தொடங்கியது. மூன்று வகுப்புகள், வகுப்புக்கு நான்கு அணிகள், மொத்தமே 12 அணிகள். பெருந்தொற்று ஆண்டான 2020 நீங்கலாக, அன்று முதல் இன்று வரை தேர்வு ஜாக் ஹார்பின் வகுத்த முறைப்படிதான். பத்திரிகையாளர் வாக்கோ குழுவின் விருப்பமோ இதில் இல்லை. அதனால்தான் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் மக்கள் இதை நம்புகிறார்கள்.

முறை இதுதான். ஓர் அணியை வென்றால் அதன் பிரிவுக்கு ஏற்ப முதல் நிலைப் புள்ளி கிடைக்கும். பெரிய பள்ளிகளின் பக்கம் ஒரு பிரிவு மேலே போனால் அரைப் புள்ளி கூடும். அடுத்து இரண்டாம் நிலை: நீங்கள் வென்ற அணி, தான் வென்ற ஆட்டங்களில் ஈட்டிய முதல் நிலைப் புள்ளிகள் அத்தனையும் உங்கள் கணக்கிலும் சேரும். நீங்கள் தோற்ற ஆட்டத்தில் இரண்டுமே பூஜ்யம். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றீர்கள் என்பதற்கு மதிப்பே இல்லை. முதல் நிலையை நீங்கள் ஆடிய ஆட்டங்களால் வகுப்பார்கள். இரண்டாம் நிலையை உங்கள் எதிரணிகள் எல்லாம் ஆடிய மொத்த ஆட்டங்களால் வகுத்துப் பத்தால் பெருக்குவார்கள்.

உங்கள் இரண்டு எதிரணிகளையும் இதில் போடுவோம். எளிமைக்காகச் சிறிய பள்ளிகளுக்கு ஒரு வெற்றி 3.5, பெரிய பள்ளிகளுக்கு 5 என்று நானாக வைத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் பத்து ஆட்டம். பக்கத்து ஊர் அணி ஒரு பருவத்தில் இரண்டு ஆட்டம் வெல்கிறது என்றால், அதை வென்ற உங்களுக்கு முதல் நிலையில் 0.35, இரண்டாம் நிலையில் 0.7, ஆகக் கூடி ஏறக்குறைய 1.05. தொலைவில் இருக்கும் பெரிய பள்ளி மூன்று ஆட்டம் வெல்கிறது என்றால், அதை வென்ற உங்களுக்கு 0.5 உடன் 1.5, ஆக 2.

இயக்குநர் இதைத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் பெரிய பள்ளியிடம் தோற்றால் பூஜ்யம். பக்கத்து ஊரை எப்போதும் வென்றுவிடுவீர்கள் என்றால், கையில் இருக்கும் 1.05ஐ வைத்து 2க்குப் பந்தயம் கட்டுகிறார். இரண்டில் ஒரு முறைக்குச் சற்று அதிகமாகவாவது வெல்லும் வலு இருந்தால்தான் அவருக்கு லாபம். இன்னொன்றும் பாருங்கள்: பக்கத்து ஊர் அணி ஒரு நல்ல ஆண்டில் ஆறு ஆட்டம் வென்றுவிட்டால், அதை வென்ற உங்களுக்கு 2.45 கிடைக்கும். தொலைதூரப் பள்ளியைவிட அதிகம்! இரண்டாண்டு ஒப்பந்தம் போடும்போது எந்த ஊர்ப் பதினைந்து வயதுப் பையன் எவ்வளவு வளருவான் என்று எந்த இயக்குநருக்குத் தெரியும்?

செல்வம், கிராண்ட் ராப்பிட்ஸ்

நான் மிச்சிகனில் கணித ஆசிரியர். எட்டாண்டுகள் எங்கள் பள்ளிக் கால்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தேன். ஹார்பின் முறையைக் குறை சொல்லும் முன் எங்கள் பழைய விதியைக் கேளுங்கள்.

எங்கள் பருவம் ஒன்பது ஆட்டம். ஆறு ஆட்டம் வென்றால் ப்ளேஆஃபில் இடம் உறுதி என்பது விதி. யாரை வென்றீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். 256 அணிகளுக்கு இடம் இருந்தது. ஆறு வெற்றி என்ற வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாப் பயிற்சியாளர்களும் அந்த வாசலை நோக்கியே அட்டவணை போட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? வலுவான பள்ளிகளின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. லீகுகள் உடைந்தன. நல்ல அணி வைத்திருந்த பள்ளி ஓர் ஆட்டத்துக்காக மாநில எல்லை தாண்டிப் போக வேண்டியிருந்தது. நானே ஒரு மார்ச் மாதம் முழுக்க எங்கள் பயிற்சியாளரின் அறையில் உட்கார்ந்து காலி வாரத்துக்கு ஆள் தேடியிருக்கிறேன். எங்கள் அணி அந்த ஆண்டு பலமானது. அழைத்த பதினோரு பள்ளிகளும் "பார்த்துச் சொல்கிறோம்" என்றன. ஒன்றும் திரும்ப அழைக்கவில்லை. அந்தப் பையன்கள் செய்த குற்றம் நன்றாக ஆடியது மட்டும்தான்.

இப்போது அந்த ஆறு வெற்றி விதி இல்லை. புள்ளிச் சராசரி மட்டுமே. 2020இல் பெருந்தொற்றால் எல்லா அணிகளையும் சேர்த்துக்கொண்டதால் புதிய முறை உண்மையில் 2021இல்தான் சோதிக்கப்பட்டது. பலமான அணியிடம் தோற்றாலும் ஏதோ கொஞ்சம் கையில் வரும். அதன் பிறகு தொலைபேசியை எடுக்கிறார்கள். என் கண்ணால் கண்டது இது.

மீனா, ஆஸ்டின்

குமரன் அண்ணா, என் மகள் பள்ளிப் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவு எனக்கும் அரங்கத்தில்தான் கழிகிறது. எங்கள் டெக்சஸில் இந்தத் தலைவலியே கிடையாது. பள்ளிகளை 'மாவட்டம்' என்ற போட்டிக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள்; அந்த மாவட்டத்துக்குள் நடக்கும் ஆட்டங்கள் மட்டும்தான் கணக்கு. முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் ப்ளேஆஃபுக்குப் போவார்கள். பருவத் தொடக்கத்தில் மாவட்டத்துக்கு வெளியே ஆடும் ஆட்டங்கள் தேர்வைத் தொடவே தொடாது.

அதனால் என்ன நடக்கிறது பாருங்கள். 2021 ஆகஸ்ட்டில் டல்லாஸ் பக்கத்து டங்கன்வில் பள்ளி, கலிபோர்னியாவின் மேட்டர் டெய் பள்ளியைத் தன் ஊருக்கே அழைத்து ஆடியது. 45க்கு 3 என்று தோற்றது. ஒஹாயோவாக இருந்தால் அந்த ஆட்டத்துக்குப் பூஜ்யம். டங்கன்வில் அதே ஆண்டு டிசம்பரில் மாநில இறுதிப் போட்டிக்குப் போனது; அங்கே நார்த் ஷோர் பள்ளியிடம் 17க்கு 10 என்று தோற்றாலும், தொடக்கத் தோல்வி அவர்களை ஒரு படிகூடக் கீழே இறக்கவில்லை. தோல்விக்குத் தண்டனை இல்லாத இடத்தில் பயிற்சியாளர்கள் தைரியமாக இருக்கிறார்கள். பையன்கள் எவ்வளவோ கற்றுக்கொள்கிறார்கள்.

தரவுப்பித்தன்

மீனா அக்கா சொல்வது உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாவட்டங்களைப் புதிதாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவினையில் ஆறு பலமான பள்ளிகளோடு சேர்ந்துகொண்ட அணியை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் இடம் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். இன்னொரு மாவட்டத்தில் அதைவிடப் பாதி வலுவுள்ள அணி நான்காம் இடம் பிடித்து உள்ளே போகும். கணக்கில் தோன்றாத அநியாயம் நிலப்படத்தில் தோன்றுகிறது. எனக்கு ஹார்பினே மேல்.

மீனா, ஆஸ்டின்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனாலும் அந்த ஐந்தாம் இடத்து அணி, தான் யாரிடம் தோற்று வெளியேறியது என்பதை மைதானத்தில் பார்த்தது. நூறு மைல் தள்ளி, முன்பு தான் வென்ற ஓர் அணி கடைசி வாரத்தில் தோற்றதால் வெளியேறவில்லை.

கொலம்பஸ் குமரன்

மீனா சொன்ன அந்தக் கடைசி வாரம் எங்களுக்கு நேர்ந்தது. பத்தாம் வாரம் எங்கள் ஆட்டம் முடிந்து, வென்று, எல்லோரும் பார்வையாளர் படிகளில் குளிரில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாம் வாரம் நாங்கள் வென்ற ஓர் அணி வேறு எங்கோ ஆடிக்கொண்டிருந்தது. அது வென்றால் நாங்கள் 12க்குள். நாற்பது பேர், பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பள்ளிக்காக வேண்டிக்கொண்டோம். கடைசி நிமிடத்தில் அவர்களுடைய உதை கம்பத்துக்கு வெளியே போனது. உதைத்த பையனுக்கு எங்களைப் பற்றி எதுவும் தெரியாது.

எடிசன் தந்தை

நியூஜெர்சியிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே பவர் பாயிண்ட்ஸ் என்ற புள்ளிக் கணக்கு நெடுநாள் வழக்கம். 2018இல் அதோடு பார்ன் பவர் இண்டெக்ஸையும் சேர்த்தார்கள். வில்லியம் பார்ன் என்பவர் 1962இல் உருவாக்கிய தரவரிசை அது. எங்கள் பெற்றோர் கூட்டத்தில் எழுந்த கோபம் அணிகளின் மீது இல்லை, சூத்திரத்தின் மீதுதான். ஹார்பினை நீங்கள் கையால் போட்டுப் பார்க்கலாம். இதை எங்களால் போட முடியவில்லை. பையன்களின் பருவத்தை முடித்துவைக்கும் எண் எப்படி வந்தது என்று பெற்றோர் கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும்.

ஆனால் ஒரு நல்லதும் இங்கே உண்டு. வட பகுதியில் பெர்கன் கத்தோலிக், டான் பாஸ்கோ போன்ற பலம் மிகுந்த தனியார் பள்ளிகளோடு ஆட எந்த அரசுப் பள்ளியும் தயங்கும். அப்படி ஆடுகிறவர்களுக்குப் பெருக்கல் எண் ஒன்று வைத்தார்கள். தோற்றாலும் பலன் இருந்தது. என் பெரிய மகனின் பள்ளி அப்படி ஓர் ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்டபோது, பயிற்சியாளர் எங்களிடம் நேராகச் சொன்னார்: "இதில் வெல்லமாட்டோம். ஆனால் இதனால் வெளியே போகவும் மாட்டோம்."

செல்வம், கிராண்ட் ராப்பிட்ஸ்

அதில்தான் எனக்கு அச்சம். தோல்விக்கும் பலன் கொடுத்தால், 28 பையன்கள் மட்டுமே உள்ள அணியைப் புள்ளிக்காக 90 பேர் உள்ள அணியின் முன் நிறுத்திவிடுவார்கள். சிறிய பள்ளியில் ஒரே பையன் தாக்குதலிலும் தடுப்பிலும் ஆடுகிறான். ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் அவன் கால் நிற்காது. காயங்கள் அப்போதுதான் வருகின்றன. நான் ஆம்புலன்ஸில் ஒரு பையனோடு போயிருக்கிறேன், கையைப் பிடித்துக்கொண்டு. அன்றிலிருந்து "பலமான எதிரணி பையன்களைப் பக்குவப்படுத்தும்" என்ற பேச்சை நான் எளிதாக ஏற்றுக்கொள்வதில்லை.

பால்டிமோரில் 2018இல் நடந்ததை நினைவில் வையுங்கள். செயின்ட் பிரான்சஸ் அகாடமி என்ற பள்ளி அவ்வளவு பலமாகிவிட்டது. அதன் லீகில் இருந்த மற்றப் பள்ளிகள் மாணவர் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட மறுத்தன. அந்தப் பள்ளி நாடு முழுக்க எதிரணி தேடிப் போனது. மறுத்தவர்களைக் கோழை என்று பலர் பேசினார்கள். நான் அப்படிப் பேசமாட்டேன். ஆனால் செயின்ட் பிரான்சஸ் பையன்களுக்குப் பக்கத்தில் ஆட ஆளில்லாமல் போனதும் வலிக்கத்தான் செய்கிறது.

லாங் பீச் ரவி

கலிபோர்னியாவின் தெற்குப் பகுதியில் வேறு விதமான சிக்கல். கால்பிரெப்ஸ் கணினித் தரவரிசையை வைத்து ப்ளேஆஃப் பிரிவுகளையே அமைக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கை அல்ல, அணியின் வலு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரு பிரிவின் உச்சிக்கும் அடுத்த பிரிவின் அடிக்கும் நடுவே ஓர் இடம்தான் வித்தியாசம். கடினமான அட்டவணை போட்டு நன்றாக ஆடி அந்த ஓர் இடம் ஏறினால், மேல் பிரிவில் கடைசி அணியாக நிற்பீர்கள். ஏறாமல் இருந்தால் கீழ்ப் பிரிவில் முதல் அணி. பத்தாவது வாரத்தில் ஒரு பயிற்சியாளர் மனத்தில் இந்த எண்ணம் எட்டிப் பார்ப்பதற்கே நான் எதிரி. எந்தப் பையனிடமும் யாரும் தோற்கச் சொல்வதில்லை, அது எனக்குத் தெரியும். முன்னணி ஆட்டக்காரருக்கு ஓய்வு கொடுக்கலாமா என்று யோசிப்பார்கள். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

தரவுப்பித்தன்

ரவி சொன்னதும் செல்வம் ஐயா சொன்னதும் சேர்ந்து எனக்கு ஒன்றைத் தெளிவாக்குகின்றன. பயிற்சியாளர்களைத் திட்டிப் பயனில்லை. ஆறு வெற்றி என்று எழுதினால் ஆறு எளிய எதிரணிகளைத் தேடுவார்கள். ஹார்பினில் அவர்கள் தேடுவது எளிய அணியையும் அல்ல, பலமான அணியையும் அல்ல. "நம்மிடம் தோற்கும், மற்றவர்களை எல்லாம் வெல்லும்" அணியைத் தேடுகிறார்கள். அப்படி ஓர் அணியைக் கண்டுபிடிப்பதுதான் ஒஹாயோ இயக்குநர்களின் குளிர்கால வேலை. பெரிய பள்ளி, பலவீனமான லீக், புதுப் பயிற்சியாளர்: இந்த மூன்றும் சேர்ந்த இடத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள்.

கணக்குக்கு அசையாதவர்களும் உண்டு. எங்கள் ஒஹாயோவில் மாசிலன், கேன்டன் மெக்கின்லி என்ற இரண்டு பள்ளிகள் 1894 முதல் மோதிக்கொள்கின்றன. அந்த ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்து ரத்து செய்யும் துணிச்சல் எந்த இயக்குநருக்கும் வராது. ஊரே நிற்கிறது. குமரன் அண்ணா, உங்கள் ஊர் நிற்குமா என்பதுதான் கேள்வி.

கொலம்பஸ் குமரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தரவுப்பித்தன் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இயக்குநரைப் பார்க்கப் போனேன். சண்டை போடும் மனநிலையில்தான் போனேன். அவர் முழுவதும் படித்தார். 2.45 என்ற எண்ணின் மேல் விரலை வைத்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார்.

ஆட்டத்தை நிறுத்தலாம் என்று முதலில் கேட்டது அவர்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது; சென்ற பருவ முடிவில் அவர்களிடம் ஆடத் தகுதியோடு இருந்தவர்கள் 19 பேர். மூன்று ஆண்டுகளாக எங்களோடு ஆடிய அடுத்த வாரம் அவர்களால் முழு அணியை இறக்க முடியவில்லை. எங்கள் இயக்குநர் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லவில்லை. அந்தப் பள்ளியைப் பலவீனமானது என்று பேசவைக்க அவருக்கு மனமில்லை; ஹார்பின் மீது பழியைப் போட்டுவிட்டார். அவரைப் பற்றி முதல் பதிவில் நான் எழுதிய தொனிக்காக வருந்துகிறேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். இதை இங்கே எழுத அவரிடம் அனுமதி கேட்டேன்; ஊர்ப் பெயர் இல்லாமல் எழுதலாம் என்றார்.

செல்வம், கிராண்ட் ராப்பிட்ஸ்

குமரன், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 19 பேர் என்றால் பயிற்சியில் பதினொன்றுக்குப் பதினொன்று நிறுத்தவே முடியாது. ஒன்று கேட்கிறேன்: இளையோர் அணி? ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்கள் சனிக்கிழமை காலையில் ஆடுவார்களே. அந்த ஆட்டம் ஹார்பினில் வராது. கால்பகுதிகளைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு பயிற்சியாளர்களும் பேசினால் முடியும்.

கொலம்பஸ் குமரன்

செல்வம் ஐயா, உங்கள் பதிவை அச்செடுத்து இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் அன்று மாலையே ஆறு மைல் ஓட்டிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணி, அவர்கள் மைதானத்தில். எட்டு நிமிடக் கால்பகுதிகள். இரண்டு பள்ளிப் பேண்டும் வருகின்றன. முதல் அணியில் ஆடும் என் மகனுக்கு அன்று ஆட்டம் இல்லை. எல்லைக்கோட்டில் தண்ணீர் கொடுக்கப் போகிறேன் என்கிறான். கோடையில் அவனோடு வைக்கோல் தூக்கிய பையனின் தம்பி எதிரணியில் லைன்மேனாம்.